சிற்றனெல்லா எண்ணெயும் நமது நுளம்பும்

ஐப்பசி பிறந்து, வடகீழ்ப் பருவக்காற்றின் முதல் மழை நமது செம்மண் வளவுகளை நனைத்த மாத்திரத்தில், யாழ்ப்பாணத்துக் கடைகளின் முன்தட்டுகளுக்கு ஏறிவரும் சரக்குகளுள், நுளம்புச் சுருளுக்கும் மின்சாரத்தில் செருகும் திரவத்துக்கும் அடுத்தபடியாக, வெளிர்மஞ்சள் நிறமான சிற்றனெல்லா எண்ணெயை அடைத்த சிறு போத்தல்களும் இடம் பெற்றுவிட்டன. எலுமிச்சையை நினைவூட்டுகின்ற அந்தக் காரமான வாசனை பலருக்குப் பிரியமானது, எனக்கும் பிரியமானதுதான். ஆயினும், இது இயற்கையின் கொடை, இரசாயனம் கலவாதது, இதைப் பூசிய வீட்டைக் காய்ச்சல் அண்டாது என்ற தோரணையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வதைக் கேட்கும்பொழுது, ஒரு வாசனையை நம்பி நம்முடைய பிள்ளைகளின் தேகசுகத்தை எவ்வளவு தூரம் ஒப்படைக்கலாம் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. இந்த எண்ணெய்க்கு மெய்யான பிரயோசனங்கள் பல உண்டு. ஆனால் நுளம்பைப் பொறுத்தவரையில் அந்தப் பிரயோசனம் நிமிஷக் கணக்கில் சொல்லப்பட வேண்டியது. அந்தக் கணக்கை மறைத்து விற்பது, டெங்குப் பருவத்தில், சாதாரண வியாபாரச் சாதுரியம் என்று விட்டுவிடத்தக்கது அன்று என்பதே என் அபிப்பிராயம். (இரசாயனம் கலவாதது என்ற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை: சிற்றனெல்லால், ஜெரனியோல், சிற்றனெல்லோல், லிமோனீன் முதலிய பல இரசாயனங்கள் கூடியதற்குத்தான் சிற்றனெல்லா எண்ணெய் என்று பெயர்; அவற்றைக் கழித்துவிட்டால் போத்தலில் மிஞ்சுவது காற்றுத்தான்.)

இது நமக்கு அந்நிய தேசத்துச் சரக்கும் அன்று. இத்தீவின் தென்கோடியில், மாத்தறையையும் அம்பாந்தோட்டையையும் சார்ந்த குன்றுச் சரிவுகளில், வேறு பயிர் செழிக்காத மெலிந்த நிலங்களில், ஆளுயரத்துக்குப் புதர் புதராக வளர்ந்து நிற்கும் பங்கிரிப் புல்லே இதற்குத் தாய். கறிக்கும் கஷாயத்துக்கும் இடுகின்ற எலுமிச்சைப்புல்லுக்கு இது நெருங்கிய உறவாயினும், இதைக் கறியில் இட்டால் சவர்க்காரத்தைத் தின்றது போல இருக்கும். லேனபத்து என்றும் மகாபங்கிரி என்றும் இதில் இரண்டு இனங்களைத் தென்னிலங்கை விவசாயிகள் வெகுகாலமாகவே பிரித்தறிந்து வந்திருக்கிறார்கள். முன்னது முரட்டு நிலத்திலும் தாக்குப்பிடிக்கும். பின்னது நல்ல நிலத்தையும் பராமரிப்பையும் வேண்டும், ஆனால் உயர்ந்த எண்ணெயைத் தரும். அறுத்த புல்லைச் சற்றே வாடவிட்டு, பெரிய உருளைக் கலத்தில் நெருக்கி அடைத்து, கீழிருந்து நீராவியைச் செலுத்தினால், ஆவியானது தாள்களில் உறைந்திருக்கும் எண்ணெயைக் கவர்ந்துகொண்டு மேலெழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு செல்லும் குழாயில் குளிர்ந்து இறங்கி, ஏந்து பாத்திரத்தில் நீர் கீழும் எண்ணெய் மேலுமாகப் பிரிந்து நிற்கும். எண்ணெய் இறக்கிய சக்கையை வெயிலில் உலர்த்தி, அடுத்த தடவை கொதிகலத்தை மூட்டுவதற்கு அதையே விறகாக்கிக்கொள்ளும் சிக்கனமும் அவர்களுக்குக் கைவந்ததே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சவர்க்காரத் தொழில் பெருகியபொழுது, மலிவான, அழுத்தமான, நிலைத்து நிற்கக்கூடிய ஒரு பரிமளத்துக்குப் பெரும் கிராக்கி ஏற்பட, கிங் கங்கைக்கும் வளவை கங்கைக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் பல்லாயிரம் ஏக்கர் நிலம் பங்கிரிக் காடாயிற்று. அக்காலத்தில் உலகச் சந்தையில் சிற்றனெல்லா என்றாலே அது இலங்கை எண்ணெய்தான். இத்தகைய ஏகபோகம் வாய்த்த சரக்கு எவ்வாறு தன் மதிப்பைத் தானே கெடுத்துக்கொண்டது என்ற கதை, இன்று போத்தல் வாங்குகின்ற நமக்கும் பிரயோசனமானது. ஆகையால் அதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

புல்லை வளர்த்தவனுக்கும் கப்பலேற்றியவனுக்கும் இடையே பல கைகள் இருந்தன. அவற்றுள் சில கைகள் மண்ணெண்ணெய்த் தகரத்தையும் பிடித்திருந்தன. நாசிக்குத் தெரியாமல், நிறத்துக்கும் அதிகம் பழுதில்லாமல், மண்ணெண்ணெய் இதனோடு நன்றாகக் கலந்துபோகும். லண்டனிலும் நியூயார்க்கிலும் சரக்கைப் பெற்றவர்கள் முறையிடத் தொடங்கியபொழுது, வாசனைத் திரவிய வியாபாரத்தில் பேர்போன ஜெர்மனியின் ஷிம்மெல் கம்பனியார் ஒரு எளிய பரீட்சையை ஏற்படுத்தினார்கள். எண்பது வீத மதுசாரத்தில் எண்ணெயை இட்டுக் குலுக்கினால், சுத்தமான எண்ணெய் தெளிந்து கரையும். எண்ணெய் ஒரு பங்குக்கு மதுசாரம் பத்துப் பங்கு ஆகும் வரையில் ஊற்றினாலும் துளிகள் பிரியா. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கலவை பால்போலக் கலங்கி, சற்று நேரத்தில் எண்ணெய்த் துளிகள் ஒதுங்கும். ஷிம்மெல் பரீட்சை என்ற பெயரில் இது வியாபார உலகமெங்கும் பிரமாணமாயிற்று.

அதற்குப் பின் நடந்ததுதான் விசேஷம். நல்ல எண்ணெய் இந்தப் பரீட்சையில் மிகச் சுலபமாகத் தேறியதனால், ஓரளவு மண்ணெண்ணெயைச் சேர்த்த பிறகும் தேறுவதற்கு அதில் இடமிருந்தது. எவ்வளவு சேர்த்தால் தேறும், எவ்வளவில் கலங்கும் என்பதைக் கலப்படக்காரர்களும் பரீட்சித்துக் கண்டுகொண்டார்கள். கலப்படத்தைத் தடுக்க வந்த பரீட்சை, கலப்படத்துக்கு அளவு சொல்லும் கருவியாயிற்று. ஆகவே வாங்குபவர்கள் இன்னொரு படி மேலே போய், கைக்கு வந்த எண்ணெயில் தாங்களே ஐந்து வீதம் மண்ணெண்ணெயைச் சேர்த்து, அதற்குப் பின்னும் அது தேறுகிறதா என்று பார்க்கும் உயர்த்தப்பட்ட பரீட்சையை வகுத்தார்கள். ஏற்கெனவே கலப்படத்தின் எல்லை வரையில் நிரப்பப்பட்ட எண்ணெய் இந்த மேலதிகச் சுமையைத் தாங்கமாட்டாது கலங்கிப்போகும். ஒரு சரக்கின் யோக்கியதையை அறிவதற்கு அதில் நஞ்சைச் சேர்த்துப் பார்க்க நேர்ந்ததைப் போன்ற அவமானம் வேறெந்த இலங்கை ஏற்றுமதிக்காவது நேர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இதற்கிடையில் மகாபங்கிரி இனம் ஜாவாத் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே முறையாகப் பயிரிடப்பட்டு, ஜாவா எண்ணெய் என்ற புதுப் பெயரோடு சந்தைக்கு வந்தது. இலங்கை எண்ணெயில் சிற்றனெல்லால் என்னும் சத்து ஏறக்குறைய ஐந்து முதல் பதினைந்து வீதம். ஜாவா எண்ணெயிலோ அது முப்பது வீதத்துக்கும் மேல். சவர்க்காரக்காரர்களும் வாசனைக்காரர்களும் எந்தப் பக்கம் போனார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இன்று உலகத்துக்கு வேண்டிய சிற்றனெல்லா எண்ணெயில் பெரும்பாகம் சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. நம் கடையில் இருக்கும் போத்தலுக்குள் இருப்பது மாத்தறை எண்ணெயா, ஜாவா இனத்து எண்ணெயா, இரண்டும் கலந்ததா, இவற்றில் எதையும் சாராத செயற்கை வாசனை கலந்த ஏதோ ஒரு திரவமா என்பதைப் பெரும்பாலும் போத்தலும் சொல்வதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

எண்ணெயின் பொதுவான உபயோகங்களை விரைந்து சொல்லிவிடலாம். சவர்க்காரத்துக்கும் தரை கழுவும் திரவத்துக்கும் வாசனையூட்டுவதில் இதற்கு நிகராக மலிவானது வேறில்லை. ஒரு வாளித் தண்ணீரில் சில துளிகள் விட்டுத் தரையைத் துடைத்தால் மழைக்காலத்துப் பூஞ்சண நாற்றம் அடங்கும். ஈயும் சற்று ஒதுங்கும். தேங்காய் எண்ணெயில் கலந்து மூட்டு நோவுக்குத் தேய்ப்பவர்கள் தெற்கிலும் உண்டு, இங்கும் உண்டு. தேய்ப்பினால் வரும் சுகம் எவ்வளவு, எண்ணெயினால் வரும் சுகம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. வாசனைத் தொழிலில் இதிலிருந்து பிரித்து எடுக்கும் ஜெரனியோல் ரோஜாவின் வாசனைக்கு அடிப்படையாகிறது. சிற்றனெல்லாலிலிருந்து மென்தோலையும் ஆக்கலாம். இந்தச் சிற்றனெல்லாலைப் புல்லின் உதவியின்றியே தொழிற்சாலையில் ஆக்கி அதிலிருந்து மென்தோல் செய்வதற்கு வழிவகுத்த ஆராய்ச்சிக்காகவும் ஜப்பானியரான நொயோரி 2001ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார் என்பது, இந்தப் புல்லின் சத்துக்கு உலகத்தில் உள்ள மதிப்பைக் காட்டும்.

இனி நுளம்பு விஷயத்துக்கு வருவோம். டீ.டீ.டி. போன்ற செயற்கை நஞ்சுகள் பிரபலமாவதற்கு முன், நுளம்பை விலக்குவதற்கு உலகம் கையாண்ட மருந்துகளுள் சிற்றனெல்லா முதன்மையானது. பூச்சி விலக்கியாக அமெரிக்க அரசாங்கப் பதிவேட்டில் அது 1948ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஆகவே இதற்கு விலக்கும் சக்தி உண்டென்பது கட்டுக்கதை அன்று. மனித மூச்சிலுள்ள கரியமிலவாயுவையும், வியர்வையிலுள்ள அமிலங்களின் மணத்தையும், தேகத்தின் சூட்டையும் பின்பற்றியே பெண் நுளம்பு நம்மை நாடி வருகின்றது. சிற்றனெல்லாவின் ஆவி அதன் உணர்கொம்புகளைத் தாக்கி அந்த வழியைக் குழப்புகின்றது. குழப்புவது ஆவிதான் என்ற இடத்திலேயே இதன் பலமும் பலவீனமும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. எந்த வேகத்தில் ஆவியாவதனால் அது நுளம்பைத் தூரத்தில் நிறுத்துகின்றதோ, அதே வேகத்தில் தோலை விட்டுப் போயும் விடுகின்றது. வனிலாவின் வாசனைச் சத்தாகிய வனிலினைச் சிறிது சேர்த்தால் இந்த ஓட்டம் மட்டுப்படும் என்று தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நம் கடைப் போத்தல்களில் அந்தச் சேர்க்கை உண்டா என்பதைக் கேட்டு அறிவதற்கும் வழியில்லை.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்தது, 2002ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் ஃபிராடின், டே என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி. பதினைந்து தொண்டர்கள், கடைகளில் விற்கும் பதினாறு விலக்கிகளை ஒவ்வொன்றாகக் கையில் பூசி, பட்டினி கிடந்த நுளம்புகள் உள்ள கூட்டுக்குள் கையை நீட்டி, முதற்கடி விழும் நேரத்தைக் குறித்தார்கள். அந்த நுளம்பும் வேறெதுவும் அன்று. டெங்கைப் பரப்புகின்ற அதே ஈடிஸ் எகிப்தி. டீட் என்னும் செயற்கை விலக்கி 23.8 வீதம் கொண்ட பூச்சு, சராசரியாக 301.5 நிமிஷம், அதாவது ஐந்து மணித்தியாலம் காத்தது. சோயா எண்ணெயை ஆதாரமாகக் கொண்ட ஒன்று 94.6 நிமிஷம் காத்தது. சிற்றனெல்லாவை ஆதாரமாகக் கொண்ட பூச்சுகளோ இருபது நிமிஷத்தையும் தாண்டவில்லை. விலக்கி ஊட்டிய கைப்பட்டிகள் ஒரு நிமிஷத்துக்குக்கூட உதவவில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் மணிக்கட்டில் வர்ணப் பட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, இனிப் பயமில்லை என்று வாசலில் நின்று வழியனுப்பும் தாய்மார் இந்த ஒரு வரியையாவது அறிந்திருக்க வேண்டும்.

மெழுகுதிரியைப் பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. கனடாவில் 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, சிற்றனெல்லா மெழுகுதிரியின் அருகே இருந்தவர்களுக்கு விழுந்த கடி நாற்பது வீதமளவு குறைந்தது என்றது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் 2017ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொன்று, ஈடிஸ் எகிப்தி நுளம்பு மெழுகுதிரியைப் பொருட்படுத்தவேயில்லை என்றது. இடமும் நுளம்பினமும் காற்றும் மாறுபட்டால் பலனும் மாறுபடும் என்பதற்கு மேல் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமைதியான விறாந்தையில் ஓரளவு உதவும் திரி, காற்றோடிய முற்றத்தில் வெறும் அலங்காரமாகும்.

இப்பொழுது இந்தக் கணக்கை யாழ்ப்பாணத்து நுளம்பின் நடைமுறையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். என் வாதத்தின் மையமும் இதுதான். நாம் போத்தலைத் திறப்பதும் திரியைக் கொளுத்துவதும் பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகு. அந்நேரத்தில் காதருகே பாடிக்கொண்டு வருவது அழுக்கு வாய்க்காலிலும் மலக்குழியிலும் பெருகும் கியூலெக்ஸ். டெங்கு நுளம்போ பகலாடி. விடிந்த பின்னர் சில மணித்தியாலமும், பொழுது சாய்வதற்கு முந்திய சில மணித்தியாலமுமே அதற்கு வேட்டை நேரம். பிள்ளைகள் வகுப்பறையிலும், தாய்மார் கிணற்றடியிலும், கிழவர்கள் சாய்மனைக் கதிரையிலும் இருக்கும் வேளையில் அது சத்தமின்றிக் கணுக்காலில் கடித்துவிட்டுப் போகின்றது. ஆகவே மாலையில் எரியும் வாசனைத் திரி, தொல்லை தரும் நுளம்பைச் சற்றே விலக்கிவிட்டு, நோய் தரும் நுளம்பைத் தொடாமலே விடுகின்றது. வாசனை வீட்டை நிறைத்திருப்பதனால், செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தி மாத்திரம் மனத்தை நிறைக்கின்றது.

நுளம்பு பிறக்குமிடமும் நாம் நினைத்த இடத்தில் இல்லை. நன்னீரில் மாத்திரமே ஈடிஸ் பெருகும் என்று நெடுங்காலம் எல்லாரும் நம்பியிருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த சுரேந்திரனும், ரஞ்சன் ராமசாமி முதலிய ஆராய்ச்சியாளர்களும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரங்களை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது. எறிந்துவிட்ட பிளாஸ்ரிக், கண்ணாடிக் கலங்களிலும், கைவிட்ட வள்ளங்களிலும், பாவனையற்ற கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்ந்துகொண்டிருந்தன. மூன்று பக்கமும் கடலும் நடுவே பரவைக்கடலுமாக உள்ள குடாநாட்டுக்கு இதைவிடக் கலவரமான செய்தி என்ன வேண்டும்? உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற தேசமாக அறிவித்த அதே ஆண்டின் முடிவில், நகரத்துக் கிணறுகளில் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் இந்திய நுளம்பு மன்னாரில் காணப்பட்டது. பின்னர் அது யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் சுண்ணக்கல்லைக் குடைந்து வளவுக்கு ஒரு கிணறு வெட்டி நம் முன்னோர் வாழ்ந்தார்கள். குழாய்நீர் வந்து, வீட்டுக்காரர் புலம்பெயர்ந்து, மூடப்படாமலும் இறைக்கப்படாமலும் கிடக்கும் கிணறுகள் இன்று எத்தனை ஒழுங்கைகளில் உள்ளன என்பதை அந்தந்த ஒழுங்கையில் குடியிருப்பவர்களே அறிவார்கள்.

2017ஆம் ஆண்டில் இத்தீவில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டு, நானூறு பேருக்கு மேல் மாண்டதை நாம் மறக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியிலும் அதற்கடுத்த தை மாதத்திலும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நிரம்பியிருந்ததையும் மறக்கவில்லை. இந்த வியாதிக்கு எதிரான முதல் ஆயுதம், வாரத்துக்கு ஒரு தடவை வளவைச் சுற்றிவந்து, பூச்சாடித் தட்டையும், கூரைப் பீலியையும், குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டையும், சிரட்டையையும், ரயரையும் கவிழ்ப்பதே. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதனால்தான் வாரத்துக்கு ஒரு தடவை என்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையைத் தட்டினால் மாத்திரம் செய்யும் காரியமாக அதை வைத்துக்கொண்டு, மிகுதி நாட்களுக்கு வாசனையை நம்புவது நமக்கு வழக்கமாகிவருகின்றது.

இவ்வளவும் சொன்னதனால் போத்தலைத் தூக்கி எறியவேண்டும் என்பது என் கருத்தன்று. சுருளோடு ஒப்பிட்டால் சிற்றனெல்லாவுக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு. ஒரு நுளம்புச் சுருள் எரிந்து முடியும்பொழுது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. யன்னலைச் சாத்தி, குழந்தையின் தொட்டிலடியில் சுருளை வைத்து உறங்கும் குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல. அவர்களுக்குச் சிற்றனெல்லா மேலானது, நுளம்பு வலை அதனிலும் மேலானது. மாலையில் அரைமணி நேரம் விறாந்தையில் பேசியிருப்பதற்கும், திருவிழாவில் வீதியில் மேளக்கச்சேரி கேட்பதற்கும், வகுப்புக்குப் போகும் பிள்ளையின் காலில் பூசிவிடுவதற்கும் இதை உபயோகிக்கலாம். இருபது நிமிஷத்தில் மறுபடியும் பூசவேண்டும் என்பதை மறக்காதிருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் பத்துப் பங்குக்கு இது ஒரு பங்குக்கு மேற்படாமல் கலந்து, முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். ஜெரனியோலும் சிற்றனெல்லோலும் சிலருடைய தோலில் தடிப்பை உண்டாக்கும், அதனாலேயே ஐரோப்பாவில் அவற்றின் பெயரை அழகுப்பொருட் பொதிகளில் அச்சிடவேண்டும் என்று சட்டம் உண்டு. கைக்குழந்தைகளுக்கு இதைப் பூசுதல் ஆகாது. கண்ணில் படலாகாது, பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைக்கலாகாது, வாசனை நல்லதென்று குடித்துவிடும் பிள்ளைக்கு இது மண்ணெண்ணெயைப் போலவே சுவாசப்பையைக் கெடுக்கவல்லது.

இந்தப் புல்லை நாமே நட்டால் என்ன என்று கேட்கும் உற்சாகிகளும் உண்டு. வேலியோரத்தில் நாலு புதர் நடுவதில் குற்றமில்லை. ஆனால் நட்ட மாத்திரத்தில் நுளம்பு ஓடாது, ஏனெனில் தாளைக் கசக்காமல் எண்ணெய் வெளிவருவதில்லை. வியாபாரமாக நடுவது வேறு விஷயம். வலிகாமத்துச் செம்மண் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் கொடுக்கின்ற வருமானத்தை இந்தப் புல் கொடுக்கப்போவதில்லை. வண்டி வண்டியாகப் புல் வேகவைத்துச் சில போத்தல் எண்ணெய் காண்பதற்கு விறகும் வேண்டும், குழாயைக் குளிர்விக்க ஓயாத தண்ணீரும் வேண்டும். சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் நம் நன்னீரை அந்தக் காரியத்துக்கு இறைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். வன்னியின் மேட்டுநிலத்தில் பரீட்சிக்கலாம், குடாநாட்டில் வேண்டாம்.

அதைவிடப் பயனுள்ள வேறொரு வழி இருக்கிறது. சிற்றனெல்லாலை அமிலத்தோடு சேர்த்து இரசாயன முறையில் மாற்றினால், பி.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருள் கிடைக்கும். எலுமிச்சை யூக்கலிப்டஸ் மரத்தின் எண்ணெயிலிருந்தும் இதையே ஆக்குகிறார்கள். இலகுவில் ஆவியாகாத காரணத்தால் இது தோலில் பல மணித்தியாலம் தங்கும். அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் டீட் முதலியவற்றோடு இதனையும் 2005ஆம் ஆண்டிலிருந்து சிபாரிசு செய்து வருகின்றது. தெற்கிலே புல், வடக்கிலே நுளம்பு, இரண்டுக்கும் இடையே பல்கலைக்கழகங்களும் 1955ஆம் ஆண்டில் தொடங்கிய அரசாங்கக் கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ள ஒரு தேசம், இருபது நிமிஷத்து எண்ணெயைப் பல மணித்தியாலத்து மருந்தாக மாற்றி மலிவாக விற்க முயல்வது பெரிய காரியமா? வாசனைப் போத்தலுக்கு வர்ணக் காகிதம் ஒட்டுவதில் செலவாகும் சாமர்த்தியத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினாலே போதும்.

அதுவரையில் உடனடியாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, நுளம்பு விலக்கி என்ற பெயரில் விற்கப்படும் எந்தப் போத்தலிலும், எந்தப் புல்லின் எண்ணெய், எத்தனை வீதம், எத்தனை நிமிஷம் காக்கும், எந்த வயதினர் பூசலாகாது என்ற நான்கையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடவேண்டும் என்று கட்டளையிடட்டும். அச்சிட்டது மெய்யா என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பரீட்சித்து, ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதி முடிவதற்குள் பெயர் பெயராகப் பத்திரிகைகளில் வெளியிடட்டும். இந்தப் பரீட்சைக்கு வேண்டியவை எண்பது வீத மதுசாரம், சில கண்ணாடிக் குழாய்கள், வலையடித்த கூடுகள், நோய்க்கிருமி இல்லாமல் வளர்த்த நுளம்புகள், ஒரு கடிகாரம், கையை நீட்டச் சம்மதிக்கும் பத்துப் பதினைந்து மாணவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் கிடையாத பொருள் இவற்றுள் ஒன்றுமில்லை.